தாடை வைத்தியமும் தாங்கொணாக் குளிரும்

புதுக்கோட்டை ஜில்லாவில் மாடு வளர்க்கும் எந்தக் குடியானவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சினை ஊசி போட வருகிறவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வரும் குடுவையை அவர் பார்த்திருப்பார். மூடியைத் திறந்ததும் வெண்புகை குபுகுபுவென்று கிளம்பும். ஆனால் அடுப்புப் புகையைப் போல மேலே போகாது, கீழ்நோக்கி வழியும். சித்திரை வெயில் கொளுத்தும் நேரத்தில், கந்தர்வகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் புகையில் கையை நீட்டி விளையாடப் பார்ப்பார்கள். "கிட்டே வராதே, விரல் வெந்துபோகும்!" என்று அதட்டுவார் ஊசிக்காரர். குளிர்ந்த பொருள் எப்படி விரலை வேகவைக்கும் என்று பிள்ளைகள் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

குடுவைக்குள் இருப்பது திரவ நைட்ரஜன். நாம் மூச்சாக இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி வரையில் குளிரவைத்தால் தண்ணீரைப்போல் ஆகிவிடுகிறது. அந்தக் குளிரில் காளையின் விந்து வருஷக்கணக்கில் உயிர்ப்புக் கெடாமல் இருக்கும். பக்குவம் செய்து உறையவைத்தால் உயிரைக் காக்கிறது. பக்குவமின்றித் தொட்டால் உயிரணுவைக் கொன்றுவிடுகிறது. இந்த இரண்டாவது குணத்தைத்தான் தாடை வைத்தியர்கள் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

தாடை எலும்புக்குள் சில சமயம் ஒருவகை நீர்க்கட்டி உண்டாகும். வலி இராது. எலும்பை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு போகும். கட்டியைச் சுரண்டி எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாமல் எலும்பின் இண்டு இடுக்கில் ஒட்டியிருக்கும் சில அணுக்களிலிருந்து அது மறுபடி முளைத்துவிடும். தாடையையே வெட்டி எடுத்துவிட்டால் கட்டி திரும்பாது, முகமும் திரும்பாது. ஆகவே டாக்டர்கள் ஒரு நடுவழி கண்டார்கள். கட்டியைச் சுரண்டிய குழிக்குள் திரவ நைட்ரஜனைத் தெளிக்கிறார்கள். குழியின் சுவரில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் உறைந்து மடிகின்றன. எலும்பின் சுண்ணாம்புக் கட்டமைப்போ அப்படியே நிற்கிறது. பிறகு அந்தச் சாரத்தின் மேலேயே புது எலும்பு வளர்கிறது. உதடு சில மாதம் மரத்துப்போகலாம். எலும்பு பலவீனப்படுவதால் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இருந்தாலும், தாடையை இழப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மாட்டு வைத்தியத்துக்கும் தாடை வைத்தியத்துக்கும் நடுவே இப்படி ஓர் உறவு. இதைச் சொல்லக் காரணம், அண்மையில் நம் ஜில்லாவில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாதம்.

இரண்டு செய்திகள்

2023-ம் வருஷம் ஏப்ரல் 19-ம் தேதி மத்திய மந்திரிசபை 'தேசிய குவாண்டம் இயக்கம்' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2031 வரைக்கும் 6,003 கோடியே 65 லட்சம் ரூபாய் செலவு. அணுக்களைக் கடுங்குளிரில் அடக்கி வைத்து ஆராய்வது, புதுவகைக் கணிப்பொறி செய்வது, ஒட்டுக்கேட்க முடியாத தகவல் தொடர்பு, மிகத் துல்லியமான கடிகாரங்கள் என்று பல காரியங்கள் இதில் அடங்கும்.

அதே 2023-ல், நவம்பர் மாதம், புதுக்கோட்டையை அடுத்த முள்ளூரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2017-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் வளாகத்திலேயே இதற்கும் இடம். வருஷத்துக்கு 50 மாணவர்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் அடுத்தபடியாக மூன்றாவது அரசு பல் கல்லூரி இதுதான். சென்னைக் கல்லூரி பிறந்தது 1953-ல். எழுபது வருஷத்தில் மூன்று! தனியார் கல்லூரிகள் இதற்கிடையில் எத்தனை முளைத்தன என்பதை எண்ணிப் பார்க்க வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்த நண்பர் ஒருவர், பிருந்தாவனம் முக்கில் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "வாயில் புண்ணோடு சாகிறவன் சாகட்டும், கண்ணுக்குத் தெரியாத அணுவைக் குளிப்பாட்டுவதற்கு ஆறாயிரம் கோடியா?"

குளிப்பாட்டுவதில்லை ஐயா, குளிரவைப்பது என்று திருத்தினேன். அவர் கேள்வியைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அது நியாயமான கேள்வி. சிரித்து ஒதுக்கக்கூடியதல்ல. அதற்கு விடை தேடிப் போனதன் விளைவே இந்தக் கட்டுரை.

தாடைக்கு வரும் கேடுகள்

பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குகிறவர் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். பல் கல்லூரியின் ஒரு பிரிவான வாய், முகம், தாடை அறுவைப் பிரிவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். உதடு பிளந்து பிறந்த குழந்தை, லாரியில் மோதி முகம் நொறுங்கிய வாலிபன், வாயை விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாத புகையிலைக்காரர், ஒரு கன்னம் மட்டும் வீங்கிக்கொண்டே போகும் பெண்பிள்ளை என்று அங்கே வருகிறவர்களில் பல்வலிக்காரரே குறைவு.

நம் ஜில்லாவுக்கென்று சில விசேஷங்களும் உண்டு. ஜல்லிக்கட்டு வாடிவாசல்கள் இங்கே ஏராளம். பெரும்பாலும் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில்தான் நடக்கிறது. 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கு மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று கொண்டாடினோம்; அதே நாளில் இருவர் உயிரிழந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். காளையின் கொம்பு வயிற்றில் பாய்ந்தால் பத்திரிகையில் வருகிறது. தாடையில் பட்டு எலும்பு இரண்டானால் அது செய்தியாவதில்லை. அவன் ஆறு வாரம் கஞ்சி குடித்துவிட்டுக் கோணல் வாயோடு வேலைக்குப் போகிறான்.

அந்தக் கஞ்சி வைத்தியம்தான் பழைய முறை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது. இப்போது டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த சின்னஞ்சிறு தகட்டை முறிவின் மேல் வைத்துத் திருகாணி முடுக்கிவிடுகிறார்கள். சில நாளிலேயே நோயாளி குழைந்த சாதம் சாப்பிடலாம்.

இந்த டைட்டானியம் தாடைக்கு வந்த கதை வேடிக்கையானது. ஸ்வீடன் தேசத்தில் பிரானேமார்க் என்ற விஞ்ஞானி 1952-ல் முயலின் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பி, டைட்டானியத்தில் ஒரு சிறு கூடு செய்து எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்ததும் கூட்டைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தது. விலையுயர்ந்த கூடு போயிற்றே என்று வேறொருவர் அலுத்துக்கொண்டிருப்பார். அவர் யோசித்தார். 1965-ல் மனிதத் தாடையில் டைட்டானிய வேர் ஊன்றப்பட்டது. இன்று ஊருக்கு ஊர் 'இம்ப்ளாண்ட்' என்று பலகை தொங்குகிறதே, அதன் பூர்வோத்தரம் இதுதான். முயலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கக் காசு எதற்கு என்று அன்று யாராவது தடுத்திருந்தால்? நண்பரின் கேள்விக்கு இது பாதி பதில். மீதிப் பாதி அவ்வளவு சுலபமல்ல.

வெற்றிலைப் பெட்டி

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர். மாமா முறை. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிறவர். புகையிலைக் காம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால்தான் அவருக்கு வேலை ஓடும். கீழ்க்கன்னத்தில் ஒரு புண் வந்தது. உடம்புச் சூடு என்றார். மணத்தக்காளிக் கீரை தின்றார், தேங்காய்ப்பால் கொப்பளித்தார். மூன்று மாதம் கழித்து மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கினார். அதற்குப் பின் பார்த்த வைத்தியர் வாயை விளக்குப் போட்டுப் பார்க்காமலே சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்தாவது மாதம் பல் ஆட ஆரம்பித்தது. பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நோய் கன்னத்தைத் தாண்டித் தாடை எலும்பில் இறங்கியிருந்தது.

பாதித் தாடையை எடுத்தார்கள். காலின் மெல்லிய வெளிப்புற எலும்பை ரத்தக்குழாயோடு வெட்டி எடுத்து, தாடை வடிவத்துக்கு வளைத்துப் பொருத்தி, அந்தக் குழாயைக் கழுத்து ரத்தக்குழாயோடு தைத்தார்கள். தலைமயிரைவிட மெல்லிய நூல்; பூதக்கண்ணாடி வழியாகத் தையல். காலை ஏழு மணிக்கு உள்ளே போனவர் மாலை விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வந்தார். "தம்பி, என் காலை எடுத்து என் வாயிலேயே வைத்துவிட்டார்களடா!" என்று இப்போது சிரிக்கிறார். சிரிப்பு ஒரு பக்கம்தான் வருகிறது. பிழைத்தவர் அவர். அதே வார்டில் பக்கத்துப் படுக்கையிலிருந்த அறந்தாங்கிக்காரர் பிழைக்கவில்லை.

2022-ம் வருஷக் கணக்குப்படி, உலகத்தில் வாய்ப் புற்றுநோய் காண்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் இந்தியர். வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல். புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மென்றால் தோஷமில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஆறுதல் கிடையாது. பாக்கே புற்றுண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும் ஒரு நோயும் உண்டு. பிற்காலத்தில் அது புற்றாக மாறக்கூடும். விருந்தில் தாம்பூலம் தரிக்கிற தாத்தாவைவிட, சரம் சரமாகத் தொங்கும் பொட்டலத்தை வாங்கி வாயில் கொட்டிக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பையனுக்கே ஆபத்து அதிகம்.

புதுக்கோட்டை தந்த டாக்டர்

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிப் பாத்தியதை உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது ஊர் இரண்டுபட்டது. சமஸ்தானம் அனுமதித்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்று வெளியே வந்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. 1954-ல், தம் 68-வது வயதில், அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தொடங்கியபோது 12 படுக்கைகள். புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி எதற்கு, அந்த நோயாளிகள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள் என்று அன்று படித்தவர்களே பேசினார்கள்.

அடையாற்றில் அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் கன்னப் புற்றுநோயைத் தங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் பாடப் புத்தகத்தில் கன்னப் புற்று ஓர் அரிய நோய். நமக்கோ அது அன்றாட நோய். முற்றிய நிலையில் வருகிறவர்களுக்குக் கத்தியும் பயனில்லை, கதிர் மட்டும் கொடுத்தாலும் போதவில்லை. மருந்தையும் கதிர்ச் சிகிச்சையையும் ஒன்றுசேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பலனை 1971-ல் அமெரிக்க ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். புதுக்கோட்டைப் பெண் ஒருவர் 12 படுக்கையோடு தொடங்கிய இடத்திலிருந்து, உலக டாக்டர்கள் படிக்கவேண்டிய ஆராய்ச்சி பதினேழு வருஷத்தில் வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கதிர்ச் சிகிச்சை எங்கிருந்து வந்தது? 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி விளையாடியதில்தான். 1898-ல் க்யூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டபோது புற்றுநோயை நினைத்துக்கொண்டு தேடவில்லை. பௌதிக சாஸ்திரிகளின் விளையாட்டுப் பொருள்கள், ஐம்பது அறுபது வருஷம் கழித்து நம் கிராமத்துக் கிழவரின் கன்னத்துக்கு மருந்தாக வந்து சேர்ந்தன.

குளிரின் ஏணி

இனி அந்தக் கடுங்குளிர் விஷயத்துக்கு வருவோம்.

உஷ்ணம் என்பது அணுக்களின் ஓட்டம். நார்த்தாமலைப் பாறை மே மாதத்தில் காலைச் சுடுகிறதென்றால், பாறையின் அணுக்கள் மும்முரமாக ஆடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஆட்டம் குறையக் குறையக் குளிர். ஆட்டம் கூடிய மட்டும் ஓய்ந்துவிட்டால், அதற்குக் கீழே போக இடமில்லை. அந்த அடிமட்டம் பூஜ்யத்துக்குக் கீழே 273.15 டிகிரி. ஏணியில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஐஸ் பெட்டியின் உறைநிலை அறை கழித்தல் 18. சினை ஊசிக் குடுவை கழித்தல் 196. திரவ ஹீலியம் கழித்தல் 269. நட்சத்திரங்களுக்கிடையேயுள்ள வெட்டவெளி கழித்தல் 270 சொச்சம்.

ஹீலியம் படியில் கொஞ்சம் நிற்கலாம். ஹாலந்தில் காமர்லிங் ஆன்னஸ் 1908-ல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். மூன்று வருஷம் கழித்து, அந்தக் குளிரில் பாதரசத்தின் வழியே மின்சாரம் எவ்விதத் தடையுமில்லாமல் ஓடுவதைக் கண்டார். இதற்கு என்ன உபயோகம் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளியைக் குகைக்குள் தள்ளுவதுபோல் தள்ளி 'எம்.ஆர்.ஐ. ஸ்கேன்' எடுக்கிறார்களே, அந்தக் குகையைச் சுற்றியிருக்கும் காந்தச் சுருள் பெரும்பாலும் திரவ ஹீலியத்தில் முழுகிக் கிடக்கிறது. தடையில்லாத மின்சாரம் அதில் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் அவ்வளவு பலமான காந்தம் சாத்தியமாகிறது. நாக்கில் புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, தாடை மூட்டின் குருத்தெலும்புத் தட்டு இடம் பெயர்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் கத்தி வைக்காமலே அது காட்டிவிடும். எங்கள் மாமாவுக்கும் எடுத்தார்கள். "உள்ளே கல்யாண மேளம் மாதிரி அடிக்கிறது" என்றார். அவரைச் சுற்றிக் கழித்தல் 269 டிகிரி குளிர் இருந்தது என்று சொன்னேன், நம்பவில்லை. அந்த ஹீலியத்தை நாம் வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்துத்தான் வரவழைக்கிறோம் என்பது உபரிச் செய்தி.

ஆக, குவாண்டம் குளிருக்கும் தாடைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லவே முடியாது. சம்பந்தம் ஏற்கெனவே ஏற்பட்டுவிட்டது.

போஸ் எழுதிய கடிதம்

ஏணியின் கடைசிப் படிக்குக் கீழேயும் விஞ்ஞானிகள் இறங்கினார்கள். அதற்கு வித்திட்டவர் இந்தியர். 1924-ல் டாக்காவில் வாத்தியாராக இருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித் துகள்களை எண்ணுவதற்கு ஒரு புதுக் கணக்கு எழுதி ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதைத் தாமே ஜெர்மன் பாஷையில் பெயர்த்து வெளியிடச் செய்தார். பிறகு அதே கணக்கை அணுக்களுக்கும் போட்டுப் பார்த்தார். போதிய குளிர் ஏற்பட்டால், அணுக்கள் தனித்தனி என்ற பேதத்தை இழந்து ஒரே அலையாகச் சேர்ந்துவிடும் என்று விடை வந்தது. ஆயிரம் பேர் ஆயிரம் குரலில் பேசும் சந்தை, திடீரென்று ஒரே சுருதியில் பாடுவதைப்போல.

கணக்கில் வந்தது கண்ணில் வர எழுபது வருஷம் பிடித்தது. சாதாரண உஷ்ணத்தில் ருபீடியம் அணு விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதைத் தடுக்க ஒளியையே ஆயுதமாக்கினார்கள். ஓடிவரும் காளையின் முகத்தில் பஞ்சு உருண்டையை எறிந்தால் அது நிற்காது. ஆனால் ஆயிரக்கணக்கில் இடைவிடாமல் எறிந்தால்? லேசர் ஒளியின் ஒவ்வொரு துகளும் ஒரு பஞ்சு உருண்டை. எதிரே வரும் அணு மட்டுமே வாங்கிக்கொள்ளும்படி ஒளியின் நிறத்தை நுட்பமாக மாற்றிவைத்தார்கள். விலகி ஓடும் அணுவை அது தொடாது. இப்படிக் கண்மூடித் திறப்பதற்குள் அணுக்கள் நத்தைபோல் ஆகிவிடுகின்றன. இந்த வித்தைக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன்பின் செய்வது நம் வீட்டு மண்பானை செய்கிற வேலைதான். பானையின் மேற்பரப்பில் கசியும் நீரில் சூடான பங்கு ஆவியாகிப் போய்விடுகிறது, மிஞ்சுவது குளிர்கிறது. அதுபோல், காந்தச் சிறையில் அடைத்த அணுக்களில் துடுக்கானவற்றை மட்டும் வெளியேறவிட்டு மீதியை ஆறவைக்கிறார்கள். 1995 ஜூனில் அமெரிக்காவில் கார்னெலும் வீமனும் சுமார் 2,000 ருபீடியம் அணுக்களை இவ்விதம் ஒரே அலையாக்கிக் காட்டினார்கள். உஷ்ணநிலை, ஒரு டிகிரியை நூறு கோடி கூறு போட்டால் அதில் 170 கூறு. சோடியத்தில் அதையே செய்த கெட்டர்லேயோடு சேர்த்து 2001-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. போஸ் அதற்கு இருபத்தேழு வருஷங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்கு அந்தப் பரிசு கடைசிவரை கொடுக்கப்படவில்லை.

நம் நாட்டிலும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையம், புனே, இந்தூர் ஆகிய இடங்களில் கடுங்குளிர் அணு ஆராய்ச்சி நடக்கிறது. குவாண்டம் இயக்கத்தின் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.க்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் அது தகவல் தொடர்புக்கானது, குளிருக்கானதல்ல.

கண்டது என்ன?

உடனே பலன் கேட்பவர்களுக்கு ஒரு பழைய பட்டை எடுத்துக் காட்டலாம். வழிகாட்டும் செயற்கைக் கோள்களுக்கு அணுக் கடிகாரம்தான் உயிர். நாம் விண்ணில் ஏவிய முதல் வழிகாட்டிக் கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதாகிவிட்ட செய்தி 2017-ல் வெளியாயிற்று. 2023 மே மாதத்தில் ஏவிய கோளில்தான் நம்மவர் செய்த கடிகாரம் முதன்முதலாக ஏறிற்று. அடிப்படை வித்தையைக் கற்காதவன் கடை கடையாக ஏறி இறங்கவேண்டும். கடைக்காரன் கொடுத்தது ஓடினால் அதிர்ஷ்டம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு இந்தக் கோள்களால் பயனுண்டு. ஆனால் எல்லை தாண்டிப் பிடிபடும் அவர்கள் துயரம் கடிகாரக் கோளாறினால் வருவதல்ல. விஞ்ஞானத்தின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

குளிர்ந்த அணுக்களை விழவிட்டுப் பூமியின் இழுப்பை அளக்கும் கருவியைக்கொண்டு, 2022-ல் பிரிட்டனில் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையார் மண்ணுக்கடியிலிருந்த சுரங்கவழியைத் தோண்டாமலே கண்டுபிடித்தார்கள். ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் காணாத வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு இது காதில் தேனாக விழும். வயலுக்கு வருவதற்கு வெகுகாலம் ஆகும். வரலாம் என்பது வரையில்தான் சொல்லமுடியும்.

தாடை வைத்தியத்துக்கு இந்தப் புதுக் குளிரால், அதாவது போஸ் அலையால், இன்றைக்கு நேரடிப் பலன் ஒன்றும் இல்லை. இதை மறைப்பதற்கில்லை. பலன் இருப்பதாகச் சில பேர் மேடையில் அளக்கிறார்கள். 'குவாண்டம்' என்ற பெயரை ஒட்டிக்கொண்டு எண்ணெயும் வளையலும் விற்கிற கூட்டமும் கிளம்பியிருக்கிறது. ஜாக்கிரதை!

முள்ளூரில் நடக்கவேண்டியது

அப்படியானால் நண்பரின் கேள்விக்கு என்ன பதில்? ஆறாயிரம் கோடியை நிறுத்தினால் அது முள்ளூருக்கு வந்துவிடுமா? வராது. நம் சர்க்கார் கணக்குகளில் ஒரு குழாயை அடைத்தால் இன்னொரு குழாயில் தண்ணீர் வருவதில்லை. எட்டு வருஷத்துக்கு அந்தத் தொகையை நாட்டு ஜனத்தொகைக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்கு வருஷம் ஆறு ரூபாயைத் தாண்டாது. ஒரு டீ அதைவிட அதிகம். குளிர் ஆராய்ச்சி நடக்கட்டும். முள்ளூரில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று கேட்பதே நமக்கு வேலை.

லேசர் வேண்டாம், ஹீலியம் வேண்டாம். டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு உலகம் மெச்சும் ஆராய்ச்சி செய்தவர்கள் அண்டை மாநிலத்திலேயே இருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996-ல் தொடங்கி, 13 பஞ்சாயத்துத் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏழில் மட்டும் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். டாக்டர்கள் அல்ல, சாதாரணப் பட்டதாரிகள். 2005-ல் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதைவிட மலிவான வைத்தியம் எங்கே இருக்கிறது? எங்கள் மாமாவின் வாயை மூன்றாவது வாரத்தில் யாராவது அப்படிப் பார்த்திருந்தால் காலெலும்பு காலிலேயே இருந்திருக்கும்.

மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, குறுகி வரும் வாய்த் திறப்பு ஆகிய மூன்றையும் பார்க்க ஒரு மாணவனுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். வருஷத்துக்கு 50 மாணவர்கள். அவர்களை மணமேல்குடிக்கும் பொன்னமராவதிக்கும் அனுப்பிப் பார்த்ததையெல்லாம் பதிவேட்டில் எழுதவைத்தால், ஐந்து வருஷத்தில் இந்த ஜில்லாவின் வாய்க் கணக்கு கையில் இருக்கும். வாடிவாசலில் அடிபட்ட தாடைகள் எத்தனை, மோட்டார் சைக்கிளில் உடைந்தவை எத்தனை, உடைந்தவர்களில் தலைக்கு மட்டும் கவிழ்க்கும் அரைக்கவசம் போட்டிருந்தவர் எத்தனை, முகத்தையும் மூடும் முழுக்கவசம் போட்டிருந்தவர் எத்தனை என்பதையும் அப்படியே எழுதலாம். அரைக்கவசம் மண்டையைக் காக்கும். தாடையை நடுத்தெருவில் விட்டுவிடும். போலீசார் பிடிக்கும்போது இரண்டும் ஒன்றுதான். ஆபரேஷன் மேஜையில் ஒன்றல்ல.

ஆனால் பார்த்துக் கண்டுபிடித்தவரை எங்கே அனுப்புவது? கண்டுபிடித்தபின் சென்னைக்குப் போ என்றால் பாதிப் பேர் போவதில்லை. கூடப் போகிறவருக்குக் கூலி போகும். லாட்ஜுக்குப் பணம் வேண்டும். தாடையை எடுத்துக் காலெலும்பை வைக்கும் அறுவை உள்ளூரில் நடக்கவேண்டுமானால், தாடை நிபுணர், மயக்க மருந்து டாக்டர், ரத்தக்குழாய் தைக்கிறவர், செயற்கைப் பல்லும் செயற்கைத் தாடையும் செய்கிறவர், திசுவைப் பரிசோதிப்பவர் ஆகிய எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அதிர்ஷ்டவசமாக, முள்ளூரில் மருத்துவக் கல்லூரியும் பல் கல்லூரியும் ஒரே வளாகம். பல ஊர்களில் இவை இரண்டும் வேறு வேறு திசையில் இருக்கின்றன. இந்த அனுகூலத்தை விட்டுவிடக் கூடாது.

நிபுணர் என்பவர் ஐந்து வருஷப் படிப்புக்குமேல் மூன்று வருஷம் முதுநிலை படித்து வருகிறவர். 2023-ல் சேர்ந்த முதல் கோஷ்டி 2028 வாக்கில் பட்டத்தோடு வெளியே வரும். தாடை அறுவைக்கு முதுநிலை வகுப்பு இந்த வளாகத்திலேயே நடந்தால், 2031-ல் நம் ஜில்லாவில் படித்த முதல் தாடை நிபுணர் கத்தியைக் கையில் எடுப்பார். குவாண்டம் இயக்கத்தின் கெடு முடிவதும் அதே 2031-ல்தான். கண்ணுக்குத் தெரியாத அணுவைப் பற்றிய வருஷாந்தர அறிக்கை பார்லிமெண்டில் வைக்கப்படும். முள்ளூரின் பதிவேட்டையும் யாராவது கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். நம் சட்டசபை உறுப்பினர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள்.